பெயின்ட் பூத் கழிவுக்காற்று: நுண்ணுயிர்ப் படுகை தாங்குமா, எரிக்கத்தான் வேண்டுமா?

கேட்டவர்: தூவல்
எங்கள் பெயின்ட் அடிக்கும் அறையிலிருந்து (பூத்) மணிக்கு 10,000 கன மீட்டர் காற்று. கன மீட்டருக்கு 0.5 கிராம் டொலுயின் (பெயின்ட் கரைப்பானின் ஆவி). உலர்த்தும் அடுப்பிலிருந்து வருவதால் 45 டிகிரி, நல்ல வறட்சி. மரச்சீவலும் மட்கு உரமும் கலந்த பயோஃபில்டர், அதாவது ஆவியை நுண்ணுயிர்கள் தின்னும் படுகை, சரிவருமா?

சூளை
வேண்டாம். 45 டிகிரியை அந்த நுண்ணுயிர்கள் தாங்காது. 800 டிகிரியில் எரித்துவிட்டால் கணக்கு முடிந்தது.

ஈரப்படுகை
சூளை, கன மீட்டருக்கு 0.5 கிராம் என்றால் அது தன் வெப்பத்திலேயே எரியாது, எரிபொருள் ஓடிக்கொண்டே இருக்கும். அதை விட்டுவிட்டீர்களே. சூடும் பெரிய சிக்கலில்லை: வறண்ட காற்றை நீர்த்தூவல் கோபுரத்தில் விட்டால் ஆவியாகும்போதே 30 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஈரப்பதமும் 95 சதவீதத்தைத் தாண்டும்.

அளவு: மணிக்கு 5,000 கிராம் டொலுயின். ஒரு கன மீட்டர் படுகை மணிக்கு 40 கிராம் தின்னும் என்று வைத்தால் 125 கன மீட்டர் வேண்டும். காற்று தங்கும் நேரம் 45 விநாடி. உயரம் 1 மீட்டருக்கு மேல் போகாதீர்கள், அடிப்பகுதி நசுங்கும்.

சூளை
125 சதுர மீட்டர் இடம்! அதையும் விடுங்கள். ஈரக்காற்று கொடுத்தும் படுகை காய்ந்து விரிசல் விட்டு, காற்று அந்த வழியாகவே தப்பிப்பதுதானே வழக்கம்?

ஈரப்படுகை
அது உண்மை. காரணம் உள்ளே இருக்கிறது: டொலுயினைச் சிதைக்கும்போது வெப்பம் வரும். 5,000 கிராமுக்கு மணிக்கு 80 லிட்டர் வரை நீர் ஆவியாகலாம். காற்றை மட்டும் நனைத்தால் போதாது. படுகையின் மேலும் தூவ வேண்டும், ஈரம் 50 சதவீதம் வாக்கில் நிற்கணும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு, அவ்வளவுதான். ஒழுகினால் அதிகம்; துளை அடைபட்டு ஆக்ஸிஜன் போகாது. அந்த நீரிலேயே பொட்டாசியம் நைட்ரேட் கலந்துவிடுங்கள், மட்கிலுள்ள நைட்ரஜன் சில மாதத்தில் தீர்ந்துபோகும்.

தூவல்
மாலையில் தின்னர் விட்டு பூத்தைக் கழுவுவோம். அப்போது அளவு எகிறும். அந்தக் காற்றும் இதே குழாயில்தான் வரும்.

ஈரப்படுகை
அப்போது படுகை திணறும். முன்னால் ஒரு கரித்தொட்டி (ஆவியை உறிஞ்சும் கரி நிரப்பியது) வையுங்கள். உச்சத்தில் பிடித்து, பிறகு மெல்ல விடும். வரிசை முக்கியம்: பெயின்ட் துளி வடிகட்டி, கரி, அதன் பிறகே நீர்த்தூவல். ஈரக்காற்று கரிக்குப் போனால் கரி நீரைத்தான் பிடிக்கும்.

சூளை
தின்னரில் ஹெக்ஸேன் இருக்கா, குளோரின் கரைப்பான் இருக்கா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஹெக்ஸேன் நுண்ணுயிரைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் கரையாது, 45 விநாடியில் பாதிக்கு மேல் அப்படியே வெளியே போகும். டைகுளோரோமீத்தேன் போன்ற குளோரின் கரைப்பான் சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மட்குப் படுகை புளித்துப்போகும்.

ஈரப்படுகை
இதில் சூளை சொல்வதே சரி. குளோரின் இருந்தால் மட்கு வேண்டாம். பிளாஸ்டிக் நிரப்பியும் காரம் சேர்த்துச் சுழலும் நீரும் உள்ள சொட்டு வடிகட்டி பாருங்கள். ஹெக்ஸேன் கணிசமாக இருந்தால் எரிப்பதே நல்லது. தின்னரின் பொருள்பட்டியலைப் போடுங்கள், பிறகு பேசலாம்.