கடைசி நாள், கனூ லேக்கில் கேட்ட "சிரிப்பு"

கனடாவின் அல்கொங்குயின் பூங்காவில் நாலு நாள் கனூப் பயணம். கனூ என்றால் துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு. கனடா தினம் முடிந்த கையோடு போனோம். நாலு பேர், இரண்டு கனூ. கடைசி இரவு டீப்பி ஏரிக் கரையில் கூடாரம்.

காலமை மிஞ்சிக் கிடந்த மாவைக் குழைத்து ரொட்டி சுட்டு, போத்தலில் ஒட்டியிருந்த கட்டைச் சம்பலை வழித்துச் சாப்பிட்டோம். பிளாஸ்ரிக் போத்தல்தான். கனூவில் போய்த் தங்கும் உட்காட்டுக்குள் கண்ணாடிப் போத்தலும் தகர டின்னும் கொண்டுபோகக்கூடாது. கரடிக்கு எட்டாமல் மரத்தில் கட்டியிருந்த சாப்பாட்டுப் பையை முதல் நாள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். இப்போது ஒரு கைக்கு வந்தது. நெருப்பை அணைத்து, சாம்பலைக் கிளறித் தொட்டுப் பார்த்துவிட்டு வெளிக்கிட்டோம். எல்லாருடைய மனமும் அதற்குள் காருக்குப் போய்விட்டது.

ஜோ ஏரி முடியும் இடத்தில் 295 மீற்றர் போர்ட்டேஜ், அதாவது கனூவைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தரைப்பாதை. கனூவைக் கவிழ்த்துத் தோளில் வைத்தால் நுளம்பும் உள்ளே கூடவே வரும். இரண்டு கையும் மேலே பிடித்திருப்பதால் அடிக்கவும் வழியில்லை.

கனூ லேக்கில் இறங்கினால் தெற்கிலிருந்து நேர் எதிர்க்காற்று. அலை வெள்ளை வெள்ளையாக உடைந்தது. ஓவியர் டொம் தொம்சன் 1917 யூலையில் இறந்தது இந்த ஏரியில்தான், இங்கே வழிகாட்டியாக இருந்த மனிதர். நடு ஏரியால் போகும் எண்ணத்தை விட்டுவிட்டு, அவருடைய நினைவுக்கல் இருக்கும் ஹேஹர்ஸ்ட் முனையின் மறைவில் ஒதுங்கினோம்.

அங்கேதான் அந்த லூன் பறவை. கறுப்புத் தலை, இரத்தச் சிவப்பில் கண், முதுகில் வெள்ளைக் கட்டங்கள். லூனின் எலும்பு பெரும்பாலும் கெட்டியானது, மற்றப் பல பறவைகளின் எலும்பைப் போல் உள்ளே காற்று இடைவெளி அவ்வளவாக இல்லை. அதனால் தண்ணீரில் பாதி அமிழ்ந்த மாதிரித்தான் மிதக்கும். திடீரென்று நடுங்கும் குரலில் கத்தத் தொடங்கியது.

"சிரிக்குது மச்சான், கிட்டப் போ, படம் எடுப்பம்" என்றான் முன்னால் இருந்தவன். நானும் துடுப்பைப் போட்டேன். அப்போதுதான் பக்கத்தில் புகைநிறப் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு தெரிந்தது.

அது சிரிப்பே இல்லை. ஆபத்து என்று நினைத்தால் லூன் போடும் சத்தம் அது. இன்னும் நெருங்கினால் தண்ணீரில் நிமிர்ந்து எழும்பி நின்று மிரட்டும், அந்த நேரத்தில் குஞ்சு தனித்துப்போகும். இதெல்லாம் படித்தது ஞாபகம் வர, அப்படியே பின்னுக்கு வலித்தோம். ஒருவரும் கதைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. குஞ்சு தாயின் செட்டையைப் பிடித்து ஏறி, ஒருதரம் வழுக்கி, மறுபடி ஏறி முதுகில் குந்தியது. அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று தணிந்ததைக் கவனிக்கவே இல்லை. அப்புறம் கரையை ஒட்டியே வந்து சேர்ந்தோம்.

வரும் வழியில் கோப்பிக் கடையில் நண்பன் மிச்சக் காசை எண்ணினான். ஒரு டொலர் குத்தியைத் திருப்பி, அதிலிருந்த லூனைப் பார்த்துக்கொண்டே நின்றவன் சொன்னான்: "இதில குஞ்சு இல்லையடா."