மைக்ரோவேவில் எபாக்சி இறுக்கம்: நடுவில் கருகுகிறது, ஓரம் வேகவில்லை

வணக்கம் நண்பர்களே. பாலிமர் ஆய்வில் இருப்பவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

டிஜிஇபிஏ (DGEBA) என்ற எபாக்சி பிசினோடு டிடிஎஸ் (DDS) என்ற கடினமாக்கியைக் கலந்து, டெஃப்லான் அச்சில் ஊற்றி, 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் அடுப்பில் இறுக்கிப் (கியூரிங், அதாவது வினை நடந்து பிசின் கெட்டியாவது) பார்க்கிறேன். ஒப்பிட, சாதாரண வெப்ப அடுப்பில் 180 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைத்த மாதிரிகள் இருக்கின்றன. மெல்லிய துண்டுகள் அழகாக வருகின்றன. 10 மி.மீ. தடிமனுக்குப் போனால் நடுவில் பழுப்பேறிக் குமிழி விடுகிறது, சில சமயம் கருகியே போகிறது. ஓரம் மட்டும் பிசுபிசுவென்று நிற்கிறது.

காரணம் ஓரளவு புரிகிறது. மைக்ரோவேவ் பிசினின் உள்ளேயே வெப்பத்தை உண்டாக்குகிறது. அடுப்புக்குள் காற்று குளிர்ந்தே இருப்பதால் ஓரம் ஆறிவிடுகிறது, நடுவில் வினை வெளிவிடும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு இது வீட்டு அடுப்பு. சக்தியைக் குறைத்து வைத்தாலும் மேக்னட்ரான் (மைக்ரோவேவை உண்டாக்கும் குழல்) முழு சக்தியில் ஓடுவதும் நிற்பதுமாக மாறி மாறித்தான் இயங்குகிறது. அந்த ஓட்டத்திலேயே வெப்பம் கைமீறுகிறதோ என்று சந்தேகம்.

வெப்பநிலையை எப்படி அளக்கிறீர்கள்? சாதாரண தெர்மோகப்பிளின் உலோகக் கம்பி தீப்பொறி விடுகிறது. அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டும்தான் காட்டுகிறது. ஒளியிழை உணரி வாங்கும் அளவுக்கு நிதி இல்லை. மைக்ரோவேவில் பாதி இறுக்கி, மீதியை வெப்ப அடுப்பில் முடித்தவர்கள் இருக்கிறீர்களா? எந்தக் கட்டத்தில் மாற்றினீர்கள்?

அப்புறம் இன்னொன்று. டிஎஸ்சியில் (மாதிரியைச் சூடாக்கி, அது வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் சோதனை) மிச்ச வினை வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டால் இறுக்கம் 95% வருகிறது. எஃப்டிஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை) 915 செ.மீ⁻¹ அலையெண்ணில் வரும் எபாக்சி உச்சத்தை, வினையில் மாறாத 1510 உச்சத்தோடு ஒப்பிட்டால் 86% தான். இரண்டுக்கும் துண்டை வெவ்வேறு இடத்தில் வெட்டியது என் தவறாக இருக்கலாம். நீங்கள் எதை நம்புவீர்கள்? டிஎம்ஏ (சூடாக்கிக்கொண்டே விறைப்பை அளக்கும் சோதனை) செய்து, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையையும் (விறைப்பான பிசின் மிருதுவாகத் தொடங்கும் வெப்பநிலை) பார்த்துவிடவா?