வெட்டுத் துணியில் தீபாவளி அட்டை செய்தேன், அப்பளமாக நெளிகிறது

செந்தூல் தையல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். பதினைந்து வருடத்து வெட்டுத் துணி மூன்று பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. பட்டு பிளவுஸில் கைக்குழி வெட்டிய பிறைத் துண்டு, ஜரிகைக் கரை, ஒரு கல் உதிர்ந்ததால் வாடிக்கையாளர் வேண்டாமென்ற குந்தன் ஒட்டு, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைத்ததில் மீந்த பாத்தேக் (மெழுகுச் சாயத் துணி). எறிய மனசு வரவில்லை. இந்தத் தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்கு இதிலேயே நாற்பது வாழ்த்து அட்டை செய்யலாம் என்று இறங்கினேன்.

முதல் பத்து அட்டையை ராத்திரி ஒட்டி வைத்தபோது கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் எல்லாம் பொரித்த அப்பளம். தையல் மெஷின் மூடியைத் தூக்கி மேலே வைத்தேன். எடுத்த அரை மணியில் பழைய கதை. பட்டு ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது, மடிப்பில் அட்டை வெடித்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசைதான் போட்டேன், ஏ4 அட்டையை இரண்டாக மடித்து. சின்ன வயதில் வீட்டுக்கு வரும் அட்டைகளை அம்மா நூலில் கோத்துச் சுவரில் தொங்கவிடுவார். என் அட்டையைத் தொங்கவிட்டால் வௌவால் மாதிரி இருக்கும். எங்கே தப்பு?

ஆயர் ஈத்தாம் அச்சுக்காரன்:
தங்கச்சி, முப்பது வருடம் பினாங்கு அச்சகத்தில் பேப்பர் வெட்டினவன் நான். பேப்பருக்கும் மரம் மாதிரி நார் ஓட்டம் உண்டு. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக வளராது, குறுக்கேதான் பருக்கும். ஒரு பக்கம் மட்டும் பசை போட்டால் அந்தப் பக்கம் பருத்து, காயும்போது துணியோடு சேர்ந்து அட்டையை இழுத்துக்கொள்ளும். சாயங்கால மழைக் காற்றில் காய வைத்தால் கேட்கவே வேண்டாம்.

மடிப்பு வெடித்ததற்கும் அதே நார்தான் காரணம். கடையில் வாங்கும் ஏ4-இல் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். நீங்கள் அதைக் குறுக்கே ஒடித்திருக்கிறீர்கள். முதலில் அதே மடிப்பு இடத்தில் இரண்டாக வெட்டி, பிறகு ஒவ்வொன்றையும் பாதியாக மடியுங்கள். மடிப்பு நார் வழியே விழும், கால் ஏ4 அளவான அட்டையும் அதற்கென்றே வரும் சி6 உறைக்குள் சரியாக நுழையும். சந்தேகமா? இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்த வாக்கில் சுலபமோ அப்படி மடியுங்கள். சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை வரும் தடித்த அட்டை என்றால், மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்த பிறகுதான் மடிக்க வேண்டும்.

பசைக்குப் பதில் இரட்டைப் பக்க டேப் போடுங்கள். பசைதான் வேண்டுமென்றால் உள்பக்கமும் அதே பசையில் ஒரு தாள் ஒட்டுங்கள், இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும். பைண்டிங்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ஊசிநூல்:
அக்கா, தையல்காரி போய்ப் பசையைத் தேடலாமா? காலரில் வைக்கும் ஃபியூசிங் கேன்வாஸ் உங்களிடம் இல்லாமல் இருக்காது. பட்டின் பின்பக்கம் அதை இஸ்திரி போட்டு ஒட்டி, அப்புறம் வெட்டுங்கள். ஒரு நூல் பிரியாது. ஜரிகை மேல் மட்டும் பழைய கைலித் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது வருவது நிறைய பாலியெஸ்டர் கலந்தது, சூடு பட்டால் சுருண்டுவிடும்.

அட்டையோடு சேர்த்து மெஷினிலேயே தைத்துவிடலாம். தையல் நீளம் 4 மில்லிமீட்டர். பொடித் தையல் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை விழுந்து கிழிந்துவிடும். ரிவர்ஸ் அடிக்காமல் நூலைப் பின்னால் இழுத்து முடிச்சுப் போடுங்கள். ஊசி பழசே போதும். பேப்பர் தைத்த ஊசியைத் திரும்பப் பட்டில் ஓட்டிவிடாதீர்கள், மொட்டை ஊசி நூலை இழுத்துவிடும்.

கெப்போங் மாமா:
குந்தன் ஒட்டு வைத்ததைத் தபாலில் போடாதேம்மா. போன வருடம் என் மகள் அனுப்பினாள், கல் உறையைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கையில் கொடுக்கும் அட்டைக்கு வைத்துக்கொள்.

சீனப் புத்தாண்டுக்குக் காசு வைத்துக் கொடுக்கும் பழைய அங்பாவ் உறையில் தங்கப் பூ அச்சு அழகாக இருக்கும், வெட்டி ஒட்டலாம். சீனப் புத்தாண்டு வாழ்த்து எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் விட்டுவிடு. நான் தெரியாமல் ஒட்டிக் கொடுத்ததைப் பார்த்து பக்கத்து வீட்டு சீனப் பாட்டி, "தீபாவளிக்கும் கோங் சீ ஃபா சாயா?" என்று சிரித்தார்.

செந்தூல் தையல்காரி:
அண்ணே, வெட்டி மடித்தேன், ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஊசிநூல், நாள் முழுக்க இஸ்திரியும் கையுமாக இருக்கிறேன், கேன்வாஸ் ஞாபகம் வரவில்லை பாருங்களேன்! கைலித் துண்டைத் தேடப் பொறுமையில்லாமல் ஒரு மாம்பழ நிறக் கரையைப் பொசுக்கிவிட்டேன், அது என் தப்பு. சிவப்பு நூலில் தைத்த ஆறு அட்டை இரண்டு நாளாக ஜன்னலோரம் நிற்கிறது, நெளியவில்லை. பாத்தேக் மட்டும் நாலு அட்டைக்குத்தான் வரும். அதற்குள் ஏழு பேர் அதுதான் வேண்டுமென்று சொல்லி வைத்துவிட்டார்கள்.