கில்மக்டுவாவின் சாய்ந்த கோபுரம்

சித்தப்பா: பாப்பா, நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபுரமே சாய்ந்திருக்கிறதா, போனைச் சாய்த்துப் பிடித்தாயா?

அக்கா: கோபுரம்தான் சித்தப்பா! உச்சியில் அரை மீட்டருக்கு மேல் சாய்வு. உயரம் சுமார் 34 மீட்டர், அயர்லாந்தின் வட்டக் கோபுரங்களிலேயே இதுதான் உயரம். ஆனால் அஸ்திவாரம் ஆழமே இல்லை, அதுவும் பழைய புதைகுழிகளின் மேல் எழுப்பியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பழுது பார்த்தபோது அடியில் எலும்புக்கூடுகள் கிடைத்தன.

நான்: வாசல் ஏன் அவ்வளவு மேலே?

அக்கா: தரையிலிருந்து 7 மீட்டருக்கு மேல், ஏணி இல்லாமல் முடியாது. கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து என்று பலரும் சொல்வார்கள். எனக்கென்னவோ, இவ்வளவு மேலோட்டமான அஸ்திவாரத்தில் அடியிலேயே வாசல் வைத்தால் சுவர் தாங்காது என்பதுதான் சரியாகப் படுகிறது. அப்புறம், இந்த வகைக் கோபுரத்துக்கு ஐரிஷ் மொழியில் ‘மணி வீடு’ என்றுதான் பெயர், மணி அடிக்கும் கோபுரம் என்று அர்த்தம், ஒளிந்துகொள்ளும் இடம் என்றில்லை.

அம்மா: ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லையே

அக்கா: பிரித்துப் பாரும்மா. கில் என்றால் தேவாலயம், மக் என்றால் மகன். டுவா என்பவரின் மகனுடைய தேவாலயம். அந்த மகன்தான் கோல்மன், 7ஆம் நூற்றாண்டில் இங்கே மடம் கட்டிய துறவி. ஊர் என்றும் சொல்ல முடியாது, டவுன்லாண்ட், அதாவது பெயர் வைத்த ஒரு துண்டு நிலம். அயர்லாந்து தீவு முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன. கிராமத்தில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, இந்தப் பெயர்தான் விலாசம்.

அம்மா: மடத்துக்கு நிலம் யார் கொடுத்தது?

அக்கா: குவாரே என்ற ராஜா. அதற்கு ஒரு கதை உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. கோல்மன் பக்கத்து பர்ரன் பாறைக்காட்டில் ஒரே ஒரு பணியாளோடு தவமிருந்தாராம். நாற்பது நாள் நோன்பு முடிந்து ஈஸ்டர் அன்று சாப்பிட எதுவும் இல்லை. அதே நேரம் குவாரே விருந்துக்கு உட்கார, தட்டுகள் சோறு கறியோடு எழும்பி ஜன்னல் வழியாகப் பறந்து போயிருக்கின்றன! ராஜாவும் ஆட்களும் குதிரையில் துரத்திக்கொண்டு போய்ப் பார்த்தால், துறவியின் முன்னால் விருந்து. அந்தப் பாதையை இன்றும் ‘தட்டுகளின் சாலை’ என்கிறார்கள், பாறையில் குளம்புத் தடம்கூடக் காட்டுவார்கள்.

சித்தப்பா: அடேயப்பா. அங்கே இப்போது யாராவது இருக்கிறார்களா?

அக்கா: 1152இல் மறைமாவட்டத் தலைமையிடமாக இருந்த இடம், இன்று கதீட்ரலுக்குக் கூரையே இல்லை. சுற்றிலும் கல்லறைகள், புதிதாக வைத்த பூக்களும் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

சித்தப்பா: அந்த வாசலைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பும்மா

அக்கா: ஞாயிறு மழை இல்லையென்றால் போகிறேன் சித்தப்பா