மூளை எம்ஆர்ஐ தரவைப் பொதுவில் வெளியிட, பெயரை நீக்கினால் போதுமா?

புறணி கேட்டது:

வணக்கம். 62 பேரின் மூளை ஸ்கேன்களை ஓப்பன்நியூரோவில் (மூளைத் தரவை யாரும் இறக்கிக்கொள்ளும் இணையக் களஞ்சியம்) வெளியிட வேண்டும். 3 டெஸ்லா மெஷினில் எடுத்தவை. ஒவ்வொருவருக்கும் 1 மிமீ டி1 ஒன்று, 3டி ஃபிளேர் ஒன்று (இரண்டும் அமைப்பைக் காட்டும் படங்கள்), ஓய்வுநிலை எஃப்எம்ஆர்ஐ (மூளைச் செயல்பாட்டைக் காட்டும் தொடர் படம்) ஒன்று. மெஷின் தரும் டிகாம் ஃபைல்களில் பெயர், நோயாளி எண், பிறந்த தேதி டேக்குகளை அழித்து, டிசிஎம்2நிக்ஸ் மூலம் ஆய்வில் பயன்படும் நிஃப்டி வடிவத்துக்கு மாற்றி, டி1 படங்களுக்கு முகம் நீக்கும் பைடிஃபேஸ் ஓட்டியாயிற்று.

1. ஃபிளேருக்கும் முகம் நீக்க வேண்டுமா? மூளையை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருள் தந்த ஃபோல்டரைக் கூடவே கொடுக்கலாமா?
2. பிட்ஸ் (மூளைத் தரவை அடுக்கும் பொது முறை) வேலிடேட்டர் எஃப்எம்ஆர்ஐ ஃபைல்களில் டிஆர் (ஒரு வால்யூமுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) பொருந்தவில்லை என்கிறது. கூட வரும் ஜேசான் விவர ஃபைலில் 2 என்று சரியாகத்தான் இருக்கிறது.
3. அமைப்பைப் பார்ப்பதற்காக வேறொரு தொகுப்பை கிட்ஹப்பிலிருந்து ஸிப்பாக இறக்கினால், படங்களைத் திறக்கும் பைத்தான் நூலகமான நிபாபெல் அதை "ஜிஸிப் ஃபைல் அல்ல" என்று தள்ளிவிடுகிறது. ஏன்?

வெண்பொருள்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மற்ற இரண்டும் அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியவை. இதில் தவறினால் பிறகு திருத்த வழியில்லை.

ஃபிளேருக்குக் கட்டாயம் முகம் நீக்க வேண்டும். 1 மிமீ அளவிலான எந்தப் படத்திலிருந்தும் மூக்கு, கண்குழி, தாடை எல்லாவற்றையும் முப்பரிமாணமாக எழுப்பிவிடலாம். 2019-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், 84 தன்னார்வலர்களின் எம்ஆர்ஐ-யிலிருந்து முகத்தை உருவாக்கி, சாதாரண முக அடையாள மென்பொருளிடம் கொடுத்தார்கள். 83 சதவீதம் பேரை அது அவர்களுடைய போட்டோவோடு சரியாகப் பொருத்திவிட்டது. டி1-ஐ மறைத்துவிட்டு ஃபிளேரை அப்படியே விடுவது முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைப்பது போலத்தான்.

ஃபிளேரில் தனியாகப் பைடிஃபேஸ் ஓட்டாதீர்கள். அதன் வார்ப்புரு டி1 சாயலுக்கானது, எனவே வேறு சாயலில் பொருத்தம் நழுவலாம். அசல் டி1-ஐ ஃபிளேரோடு ரிஜிட் முறையில், அதாவது நகர்த்தலும் சுழற்றலும் மட்டும் கொண்ட 6 அளவுருக்களில், பொருத்துங்கள். டி1-க்குக் கிடைத்த முகமூடியை (வைக்க வேண்டிய இடத்தை 1 என்றும் அழிக்க வேண்டியதை 0 என்றும் குறிக்கும் படம்) அதே உருமாற்றத்தால் ஃபிளேருக்குக் கொண்டுபோங்கள். புதிய புள்ளிகளின் மதிப்பைக் கணிக்கும் இடைச்செருகல் 'நியரஸ்ட் நெய்பர்' ஆகத்தான் இருக்க வேண்டும். லீனியர் போட்டால் முகமூடியின் விளிம்பில் பின்ன மதிப்புகள் வந்து, தோலின் மெல்லிய நிழல் அங்கே மிஞ்சும். பிறகு ஃபிளேரை அந்த முகமூடியால் பெருக்கினால் போதும்.

ஓட்டி முடித்ததும் கண்ணால் பாருங்கள். 62 பேருக்கு 124 படங்கள், ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரச் சொச்சம்தான். படம் பார்க்கும் மென்பொருளான எம்ஆர்ஐக்ரோஜிஎல்லில் வால்யூம் ரெண்டர் (முப்பரிமாணக் காட்சி) போட்டு, த்ரெஷோல்டைக் காற்றின் அளவுக்குச் சற்று மேலே வையுங்கள். தோல் மேற்பரப்பு எழும். தவறுவது இரண்டு விதம். கழுத்து நிறைய வந்த படங்களில் பொருத்தம் கீழே சரிந்து, உதடும் தாடையும் மிஞ்சிவிடும். மறுபுறம், வெட்டு மேலே ஏறி மூளையின் நெற்றிமடலின் அடிப்பகுதியைத் தின்றுவிடும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க சாஜிட்டல் (பக்கவாட்டுத் தோற்ற) வெட்டில் கண்குழிக்கு மேலே பாருங்கள்.

ஃப்ரீசர்ஃபரை அசல் டி1-இல் ஓட்டியிருந்தால் அந்த ஃபோல்டரை அப்படியே கொடுக்கவே கூடாது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அதன் எம்ஆர்ஐ துணை ஃபோல்டரிலும், உள்ளே இருக்கும் ஓரிக் ஃபோல்டரிலும் 001, ராஏவரேஜ், ஓரிக், என்யூ, டி1 என்ற எம்ஜிஸெட் ஃபைல்கள் முழு முகத்தோடு இருக்கின்றன. மண்டையோடு நீக்கிய பிறகு வரும் படங்கள், புறணி மேற்பரப்புகள், ஸ்டாட்ஸ் அட்டவணைகள் ஆகியவற்றை மட்டும் டெரிவேட்டிவ்ஸில் (பிட்ஸில் பகுப்பாய்வு முடிவுகளுக்கான ஃபோல்டர்) வையுங்கள். இன்னொன்று: முகம் நீக்கிய படத்தில் மறுபடி ஓட்டினால் அளவுகள் கொஞ்சம் மாறும். எது எந்தப் படத்தில் ஓட்டியது, பைடிஃபேஸின் எந்தப் பதிப்பு என்பதை ரீட்மீயில் எழுதிவிடுங்கள்.

குறுக்குவெட்டு:

இரண்டாவது கேள்வி: வேலிடேட்டர் ஜேசானை மட்டும் பார்ப்பதில்லை, நிஃப்டி ஹெடரில் டிஆர் பதிவாகும் நான்காவது பிக்ஸ்டிம் மதிப்போடு ஒப்பிடுகிறது. 3டி வால்யூம்களைப் பின்னால் ஒன்றுசேர்த்தவர்களுக்கு, டிஆர் கொடுக்காமல் விட்டால், அங்கே 1 என்று உட்கார்ந்திருக்கும். ஹெடரில் 2 என்று எழுதி, கால அலகை நொடி என்று வையுங்கள். ஜேசானில் டாஸ்க்நேம் (ஸ்கேனின்போது தரும் பணியின் பெயர்) இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டாலும் பிழை வரும். பங்கேற்பாளர் அட்டவணையான பார்ட்டிசிபன்ட்ஸ் டிஎஸ்வி-யில் இடைவெளி டேப்தான், ஸ்பேஸ் அல்ல. இல்லாத மதிப்புக்குக் காலியாக விடாமல் 'என்/ஏ' போட வேண்டும்.

மூன்றாவது: அந்த ஸிப்பில் படமே இல்லை. ஓப்பன்நியூரோ தொகுப்புகளின் கிட்ஹப் பிரதியை நிர்வகிப்பது கிட்-அனெக்ஸ். பெரிய ஃபைல் ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு சுட்டி மட்டும் இருக்கும். அளவைப் பாருங்கள், 10 எம்பி இருக்க வேண்டிய டி1 சில நூறு பைட்தான் இருக்கும். கிட்-அனெக்ஸை இயக்கும் டேட்டாலாட் கருவி மூலம் குளோன் செய்து, வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும் 'கெட்' கொடுங்கள். முழுத் தொகுப்பையும் இழுக்கத் தேவையில்லை.

இனி நீங்கள் கேட்காதது. டேக்குகளை அழித்தபின்னும் தகவல் தங்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. டிசிஎம்2நிக்ஸ் பெயரிடும் இயல்பு முறையில் ஸ்கேன் எடுத்த தேதியும் நேரமும் ஃபைல் பெயரிலேயே வரும். நிஃப்டி ஹெடரில் 80 எழுத்து விளக்கப் புலமும் 24 எழுத்துத் துணைப் புலமும் உண்டு. ஆபரேட்டர் டைப் செய்த குறிப்பு துணைப் புலத்துக்குள் போய்விடும். ஃபைலை ஜிஸிப்பால் சுருக்கினால் பழைய பெயர் அதன் ஹெடருக்குள் ஒளிந்திருக்கும், 'என்' ஆப்ஷன் கொடுத்துச் சுருக்கினால் வராது. ஜேசானில் நிறுவனப் பெயர், மெஷினின் வரிசை எண், எடுத்த நேரம் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். ஸ்கேன் தேதி வேண்டுமென்றால், ஒருவருடைய எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நகர்த்தி 1925 அல்லது அதற்கு முன்னால் கொண்டுபோக பிட்ஸ் சொல்கிறது. இடைவெளி கெடாது, இது போலித் தேதி என்பதும் பார்த்தவுடனே தெரியும். 89-க்கு மேற்பட்ட வயதைச் சரியான எண்ணாகக் கொடுக்காதீர்கள்.

புறணி:

மிக்க நன்றி. ராஏவரேஜைத் திறந்து பார்த்தேன், முழு முகமும் இருக்கிறது. ஒரு சந்தேகம்: முகம் நீக்காத டி1-ஐ முன்பே டேட்டாலாட் தொகுப்பில் சேவ் செய்துவிட்டேன். அதன் மேலேயே புதிய ஃபைலை எழுதினால் போதுமா? இன்னும் பதிவேற்றவில்லை.

வெண்பொருள்:

போதாது. பழைய படம் அனெக்ஸில் அப்படியே இருக்கும், வரலாற்றில் ஒரு படி பின்னால் போனால் எடுத்துவிடலாம். வரலாற்றைச் சுத்தம் செய்ய முயலாதீர்கள், எங்காவது ஒன்று மிஞ்சும். சுத்தமான ஃபைல்களை மட்டும் வெறும் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அங்கே புதிய தொகுப்பை உருவாக்கி, அதைப் பதிவேற்றுங்கள்.

பதிவேற்றும் முன் ஒப்புதல் படிவத்தையும் எடுத்து வாசியுங்கள். ஓப்பன்நியூரோ சிசி0 உரிமத்தில் (யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்) வெளியிடுகிறது, கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. "ஆய்வுக் குழுவுக்கு மட்டும்" என்று கையெழுத்து வாங்கியிருந்தால் இந்த வழி பொருந்தாது. அல்சைமர் ஆய்வுத் திட்டமான ஏடிஎன்ஐ செய்வது போல, விண்ணப்பித்து ஒப்பந்தத்தை ஏற்பவர்களுக்கு மட்டும் தருவதுதான் முறை. அடுத்த ஆய்வுக்கு 'ஓப்பன் பிரெயின் கன்சென்ட்' தரும் மாதிரி வாசகங்களைத் தொடக்கத்திலேயே படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.

மேல்வரிப்பள்ளம்:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முகம் நீக்குவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு படத்தின் அஃபைன் அணியையும் (படப் புள்ளி உடலில் எந்த இடம், எந்தத் திசை என்று சொல்வது) ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் ஏதாவது ஒரு கருவி அனலைஸ் என்ற பழைய வடிவத்தில் சேமித்திருந்தால் இடது வலது தகவல் நம்ப முடியாததாகிவிடும். மூளை பார்வைக்கு ஏறக்குறைய சமச்சீரானது என்பதால், பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பதிவேற்றியதும், இந்தத் தரவே இல்லாத ஒரு கணினியில் லாகின் செய்யாமல் மூன்று பேரின் ஃபைல்களை இறக்கி, படம் பார்க்கும் மென்பொருளான எஃப்எஸ்எல்ஐஸில் டி1 மேல் ஃபிளேரை வைத்துப் பாருங்கள். வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும்.