மறு: ஸ்க்ரோல் சாவுக்குத் தமிழ்ச்சொல் (திங்களுக்குள் வேண்டும்)

நண்பர்களுக்கு வணக்கம். பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்க்ரோல் சா என்ற எந்திரத்துக்கு நல்ல சொல் வேண்டும். பெரும்பாலும் 5 அங்குல நீளமுள்ள மெல்லிய அலகு (பிளேடு), இரு நுனியும் இறுக்கப்பட்டு மேலும் கீழுமாக ஓடும். பலகையில் துளையிட்டு அலகை அதற்குள் நுழைத்துப் பூட்டினால், விளிம்பைத் தொடாமலே நடுவில் பூவேலை அறுக்கலாம். பேண்ட் சாவின் அலகு முடிவில்லாத வளையம் என்பதால் அதில் இது முடியாது; ஜிக்சாவோ கையில் பிடித்து ஓட்டுவது. மூன்றும் குழம்பக் கூடாது. இப்போதைக்கு 'சுருள்வாள்' என்று போட்டிருக்கிறேன்.

- - -

சுருள்வாள் வேண்டாம் அம்மா. சிலம்பக் கூடங்களில் அது சுழற்றி வீசும் நெகிழ்வாளின் பெயர். ஆனால் வாள் என்பதை விட்டுவிடாதீர்கள். குறள் 334இல் நாள் என்பது உயிரை ஈரும் வாள், அங்கே வாள் போர்க்கருவி இல்லை, மரம் அறுக்கும் ஈர்வாள்தான். அகநானூறு 24இல் சங்கை அறுத்து வளையல் செய்வது 'வாளரம்'. வளைந்த பொருளை நுட்பமாக அறுத்த கருவிக்கு நம்மிடம் அவ்வளவு பழைய பெயர் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அலகு நூல்போல இருப்பதால் 'இழைவாள்' என்பது என் பரிந்துரை.

- - -

ஐயா, மன்னிக்கவும், இழை என்றதும் தச்சருக்கு மரம் சீவும் இழைப்புளிதான் கைக்கு வரும். நான் கோவையில் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன், பையன்கள் ரம்பம், பிளேடு என்றுதான் பேசுகிறார்கள். 'நெளிவு ரம்பம்' என்றால் ஒரே தடவையில் புரியும். இன்னொன்று, இந்தக் கையேட்டில் எந்திரத்தின் பெயரைவிட அலகுகளின் பெயர் முக்கியம், ஏனென்றால் ஆரம்பத்தில் வாங்கும் மலிவான எந்திரம் பலவற்றில் நுனியில் குறுக்கே ஊசி வைத்த பிளேடு மட்டும்தான் மாட்ட முடியும், அந்த ஊசி நுழைய வேண்டுமென்றால் துளை பெரிதாக வேண்டும், சின்ன வேலைப்பாடு அங்கேயே கெட்டுப்போகும். மொட்டை நுனி பிளேடு ஒரு மில்லிமீட்டர் துளையிலேயே போய்விடும். அடுத்த எந்திரத்துக்கு மாறுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதை. அப்புறம்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, அதற்குப் பிறகுதான் அலகுக்கும் பின்பக்கத் தூணுக்கும் உள்ள இடைவெளி 16 அங்குலமா 20 அங்குலமா என்பது. 'குறுக்கூசி அலகு', 'மொட்டை அலகு' என்று பிரித்து எழுதுங்கள் அம்மா, எந்திரத்துக்கு என்ன பெயர் வைத்தாலும்.

- - -

ரகரம் மொழிக்கு முதலில் வராது, எழுதினால் இரம்பம் என்றே எழுத வேண்டும். அரம், அரம்பம், ரம்பம் என்று வந்த சொல் அது என்பது என் கணிப்பு. அராவு, அரி, அரிவாள் எல்லாம் அந்த வேராகத்தான் இருக்கும். தெலுங்கில் இருப்பதை வைத்து அயற்சொல் என்று தள்ளத் தேவையில்லை, ஆனால் தலைப்பில் 'ரம்பம்' என்று அச்சாவதை என்னால் ஏற்க முடியாது.

- - -

எங்கட பக்கம், யாழ்ப்பாணத்தில, சாதாரணமாகவே வாள் என்றுதான் சொல்லுறது. தமிழ்நாட்டிலும் வாள்பட்டறை என்ற பெயர்ப்பலகை இருக்கிறதே, பிறகு ஏன் தயக்கம்? 'நெளிவாள்' என்று வைக்கலாம்.

- - -

ஒரு இலக்கணச் சிக்கல். சுருள்வாள், இழைவாள், நெளிவாள் மூன்றையும் தனியே வாசித்தால் படர்க்கைப் பெண்பால் வினைமுற்று. 'நெளிவாள் மேசையில் நிற்கும்' என்று தொடங்கும் வாக்கியத்தில் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். வினைத்தொகையாகக் கொண்டாலும் நெளிவது வாள் என்றாகிறது, இங்கே நெளிவது கோடுதான். 'நெளிவுவாள்' என்றால் இரண்டு தொல்லையும் போய்விடும்.

- - -

எல்லோருக்கும் நன்றி. நெளிவுவாளுக்கு நான்கு பேர் சரி என்று தனிமடலிலும் எழுதியிருக்கிறார்கள். முதல் முறை வருமிடத்தில் ஸ்க்ரோல் சா என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். குறுக்கூசி அலகு, மொட்டை அலகு இரண்டும் அப்படியே போகின்றன, அந்தப் பத்தியை எந்திரத் தேர்வு அதிகாரத்தின் தொடக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

- - -

அம்மா, அலகுப் பத்தி முன்னால் வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் 'வுவா' என்று இரண்டு வகரம் அடுத்தடுத்து வருவது வாயில் நிற்காது. என் வகுப்பில் நெளிவு ரம்பம் என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். அடுத்த பதிப்பு வரும்போது இதை மறுபடி எடுப்போம்.