வீட்டோரம் சாமான் வைத்ததற்கு நோட்டீஸ், பதில் எழுதுவது எப்படி? (அவசரம்)

பாதிவீடு:
நண்பர்களே, வீட்டோரமாகச் சாமான் வைத்திருப்பதற்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் எடுக்க வேண்டுமாம். என் இடம், என் சாமான், தெருவில் ஒரு செங்கல்கூட இல்லை. மாதிரிக் கடிதம் யாரிடமாவது இருக்கிறதா?

நாலுமூலை:
என்ன சாமான்? எத்தனை நாளாக? வீட்டுக்கு முன்னாலா, பக்கத்திலா, பின்னாலா? மூன்றுக்கும் பெரும்பாலும் விதி வேறு.

மேஸ்திரி மகன்:
எந்த உள்ளாட்சி? நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள்.

தார்ப்பாய்:
தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள் சார். கண்ணில் படுவதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. எனக்கு அப்படித்தான் முடிந்தது.

விதிப்புத்தகம்:
தேடுபெட்டி மேலே இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. இதே கேள்வி எத்தனை முறை வந்துவிட்டது! மனை உங்களுடையதுதான், அதில் என்ன வைக்கலாம் என்பதை மண்டல விதி (எந்தப் பகுதியில் நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விதி) சொல்லும். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள பக்கவாட்டு இடைவெளி காற்று, வெளிச்சம், தீயணைப்பு ஆள் நுழைவது, மழைநீர் ஓடுவது இவற்றுக்காக விடப்படுவது. அது கிடங்கு இல்லை. கட்டட அனுமதி நடப்பில் இருந்தால் வேலை முடியும்வரை கட்டுமானப் பொருள் வைக்கப் பல இடங்களில் விடுவார்கள். உங்களுடைய அனுமதி இருக்கிறதா, காலாவதியா என்பதை இனிதான் சொல்வீர்கள் போல.

பாதிவீடு:
ஊர் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரும் இங்கே படிப்பார். ஹாலோ பிளாக், மணல், கொஞ்சம் ஜல்லி, சென்ட்ரிங் பலகை. மாடி வேலை நின்று எட்டு மாதம். நோட்டீஸில் ‘திறந்தவெளிச் சேமிப்பு’, அப்புறம் ‘மழைநீர்ப் போக்குக்குத் தடை’ என்று இருக்கிறது. இரண்டாவது சும்மா சேர்த்ததுதான்.

நாலுமூலை:
சும்மா இல்லை ஐயா, அதுதான் விஷயமே. மொட்டைமாடிக் குழாய் எங்கே இறங்குகிறது?

பாதிவீடு:
அந்தப் பக்கம்தான். பிளாக்குக்குப் பின்னால்.

நாலுமூலை:
கணக்குப் போடுங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர், அத்தனையும் அந்தச் சந்துக்குள். நீர் ஓட மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் (சரிவு) விட்டிருந்தாலும், குறுக்கே ஒரு வரிசை பிளாக் கிடந்தால் அது அணைதான். நீர் தேங்கி, மதிலுக்கு அடியில் கசிந்து, பக்கத்து வீட்டுக்குப் போகும். மதிலில் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள்.

மேஸ்திரி மகன்:
ஜல்லிதான் கையில் இருக்கிறதே. சந்து முழுக்க விரித்துவிடுங்கள், தண்ணீரைக் குடித்துவிடும்.

விதிப்புத்தகம்:
கீழே சிமென்ட் தரை என்றால் ஜல்லி எதைக் குடிக்கும்?

மேஸ்திரி மகன்:
சிமென்ட் என்று அவர் சொன்னாரா?

விதிப்புத்தகம்:
மண் என்றும் சொல்லவில்லை. களிமண்ணாக இருந்தாலும் இதே கதைதான். இறுகிய ஜல்லிப் பரப்பை, நீர் இறங்காத பரப்பாகவே கணக்கில் எடுக்கும் உள்ளாட்சிகள் உண்டு. ஒரு அடிக் குழி தோண்டி, நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

மேஸ்திரி மகன்:
நான் குழி தோண்டியது நீங்கள் புத்தகம் புரட்டியதைவிட அதிகம்.

தார்ப்பாய்:
தார்ப்பாயை யாருமே கண்டுகொள்ளவில்லை.

நாலுமூலை:
மணல் கரையாமல் காக்கும், சரி. நடுவில் குழிந்து ஒரு வாரம் தண்ணீர் நின்றால் கொசு வளர்ந்துவிடும். அதற்குத் தனி நோட்டீஸ் வாங்க வேண்டியிருக்கும்.

பாதிவீடு (ஆறு நாள் கழித்து):
பிளாக்கைப் பின்புறம் மாற்றியாச்சு. மணல் வழிந்துபோய் வடிகால் சல்லடையில் ஒரு துளைகூடத் தெரியாமல் அப்பியிருந்தது, கரண்டியால் சுரண்டி எடுத்தேன். மதிலில் கோடு இருக்கிறது, நாலு விரல் உயரத்தில். அனுமதி காலாவதிதான். நன்றி.

நாலுமூலை:
சல்லடையைப் படம் எடுத்தீர்களா? பதிலோடு சேர்த்துக் கொடுங்கள். புதுப்பிக்க விண்ணப்பித்தாச்சா?

மேஸ்திரி மகன்:
ஜல்லியை என்ன செய்தீர்கள்? தரை மண்ணா, சிமென்டா?